கால் இல்லாத பூச்சி

கோலியர்ஸ் வுட் ரயில் நிலையத்தில் இறங்கி மெர்டன் பக்கமாக நடந்தால், பெரிய சூப்பர்மார்க்கெட்டின் ஓரமாக ஓர் ஆறு ஓடுகிறது. நம் சபையில் பாதிக் குடும்பங்கள் அரிசிப் பையும் பால் கேனுமாக வாரம் ஒருமுறையாவது அதைக் கடந்து போகிறோம். நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் இந்தப் பக்கம் குடிவந்து ஆறு வருடம் அதைப் பார்க்கவே இல்லை. அதன் பெயர் வாண்டில்.

அந்த ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு மரத்தின் கிளையில், நான் நான்கு மாலைகள் உட்கார்ந்து கட்டிய ஒரு பூச்சி தொங்கிக்கொண்டிருக்கிறது. போன ஜூன் மாதக் கடைசியில் மாட்டியது. அதற்கு ஆறு கால், மூன்று வால், இரண்டு கண், முதுகில் ஓடு எல்லாம் உண்டு. காற்று கொண்டுபோகாமல் இருந்தால் இன்னும் அங்கேதான் இருக்கும். அந்தப் பூச்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாலிபர் கூடுகையில் "அக்கா, உங்க ஹாபி என்ன?" என்று ஒரு தங்கை கேட்டபோது, "டிரவுட் மீனுக்குப் பொய்ப்பூச்சி கட்டுவது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கத்தான் வேண்டும். நாகர்கோவில்காரியான எனக்குத் தூண்டில் என்றால் குளத்தங்கரை, மண்புழு, தக்கை, தாத்தா. மீனை ஏமாற்ற இறகும் நூலும் வைத்து மணிக்கணக்கில் வேலை செய்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்பது லண்டன் வந்த பிறகுதான் தெரியும்.

சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர். நான் நைட் டூட்டி முடித்து எட்டரை மணிக்கு வீடு திரும்பும்போது வாசலில் நிற்பார். கோவிட் காலத்துக்குப் பிறகு எனக்கு ஒரு தொந்தரவு இருந்தது. உடம்பு ஓய்ந்துபோயிருக்கும், கண் மூடினால் வார்டு மானிட்டர் சத்தம் கேட்கும், தூக்கம் வராது. அதை அவரிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். "உள்ளே வாங்க, அரை மணி நேரம் உட்காருங்க" என்று சமையலறை மேசைக்குக் கூட்டிப்போனார். மேசை விளிம்பில் சின்ன வைஸ் ஒன்று பொருத்தியிருந்தது. அதன் பல்லிடுக்கில் ஓர் அரிசி மணி நீளத்துக்குத் தூண்டில் முள்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் (அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்). வலது கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கை நூல்கட்டையை எடுத்து முள்ளில் சுற்ற ஆரம்பித்ததும் நடுக்கம் அடங்கிவிட்டது. எனக்கு அது புதிதல்ல. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும் கையில்தான் அதிகம், ஒரு காரியமாகக் கை நீளும்போது குறையும் என்று நர்சிங் முதல் வருடமே படித்ததுதான். ஆனாலும் மடியில் துடித்த கை மேசையில் அடங்கியதைப் பார்த்தபோது பாடப்புத்தகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் செய்வது என்ன என்று சொல்லிவிடுகிறேன். டிரவுட் ஓடும் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீருக்குள் வளரும் பூச்சிகளையும், வளர்ந்து சிறகு முளைத்து மேலே வருபவற்றையும் தின்னும். அந்தப் பூச்சி நம் விரல் பட்டாலே நசுங்கும், முள்ளில் கோத்தால் கரைந்துவிடும். ஆகவே இறகு, ரோமம், நூல், கம்பி இவற்றைக் கொண்டு முள்ளின் மேலேயே ஒரு பூச்சியைக் கட்டுகிறார்கள்.

இது புது வேலை இல்லை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோம எழுத்தாளர், மக்கெதோனியாவில் ஓர் ஆற்று மீனவர்கள் இப்படிச் செய்வதை எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆறு எங்கே ஓடியது தெரியுமா? பெரோயாவுக்கும் தெசலோனிக்கேயாவுக்கும் நடுவில். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் பவுல் ஓடி ஓடிப் போன அதே வழிதான்! மனிதக் கை பட்டதும் அந்த ஊர்ப் பூச்சி நிறம் மங்கிச் சிறகு வாடிவிடுமாம், மீன் அதைத் திரும்பியும் பார்க்காதாம். அதனால் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டை வைத்துக் கட்டினார்கள். நூலும் இரண்டு இறகும், அவ்வளவே. கால் உண்டா கண் உண்டா என்று ஏலியன் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் இதைப் பற்றிய முதல் அச்சுப் புத்தகம் 1496-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வர்ட் அச்சகத்தில் வந்தது. பன்னிரண்டு பூச்சிகளுக்குச் செய்முறை அதில் இருக்கிறது. எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி என்பது பாரம்பரியம், சரித்திர ஆசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். அதற்குப் பின் 1653-இல் வந்த ஐசக் வால்டனின் தூண்டில் புத்தகத்தைப் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ஃப்ளீட் தெருவில் புனித டன்ஸ்டன் ஆலயத்துச் சபையார். அந்த ஆலயத்தின் குருவாக இருந்த கவிஞர் ஜான் டன்னின் வாழ்க்கையை எழுதியவரும் அவரே. ஆனால் பொய்ப்பூச்சியில் வால்டன் கெட்டிக்காரர் இல்லை. 1676 பதிப்பில் அந்தப் பகுதியை எழுதிச் சேர்த்தவர் அவருடைய இளைய நண்பர் சார்ல்ஸ் காட்டன்.

இப்போது நம் வாண்டிலுக்கு வருவோம். குரோய்டன், கார்ஷால்டன் பக்கம் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி, மிட்சம், மெர்டன், கோலியர்ஸ் வுட் வழியாக வாண்ட்ஸ்வர்த்தில் தேம்ஸில் சேரும் ஆறு இது. நீளம் ஒன்பது மைல்தான். இப்படிச் சுண்ணாம்பு ஊற்றில் பிறக்கும் ஆறுகள் உலகத்தில் இருநூற்றுக்குச் சற்று மேல், அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இருக்கின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி, வெயிலிலும் சூடேறாது, பனியிலும் உறையாது. டிரவுட்டுக்குச் சொர்க்கம். டிராஃபல்கர் போருக்கு முன் மெர்டனில் குடியிருந்த நெல்சன் இங்கே தூண்டில் போட்டிருக்கிறார்.

1860-களில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் என்ற லண்டன் வியாபாரி வாண்டில் கரையில்தான் உலர் பூச்சி முறையைக் கற்றார். பூச்சியை நீரில் மூழ்கவிடாமல் மேலே மிதக்கவிட்டு, மேலே எழும் மீனுக்குக் காட்டுகிற முறை. பிறகு வியாபாரத்தை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க இதற்கே கொடுத்தார். 1886-இல் மிதக்கும் பூச்சிகளைக் கட்டுவது பற்றி முதல் புத்தகம் போட்டார். அவருடைய கொள்கை, பூச்சி எப்படி இருக்கிறதோ அச்சு அசலாக அப்படியே கட்ட வேண்டும் என்பது. ஆற்றில் பூச்சி பிடித்து, நிறத்தை நிற அட்டையோடு ஒப்பிட்டு, ஆண் பூச்சிக்கு ஒன்று பெண் பூச்சிக்கு ஒன்று என்று பிரித்து, 1910-இல் 33 வடிவங்களோடு பட்டியலை முடித்தார். அவருக்கு அது ஏறக்குறைய வேதம் ஆகிவிட்டது. மிதக்காத பூச்சியைப் போடுகிறவர்களை அவருடைய சீடர்கள் கொஞ்சம் கீழாகவே பார்த்தார்கள்.

அதே 1910-இல் ஸ்கியூஸ் என்ற இன்னொரு லண்டன்காரர், தொழிலில் சொலிசிட்டர், ஒரு புத்தகம் போட்டார். மீன் தின்பதில் பெரும்பங்கு மேலே மிதப்பது அல்ல, சிறகு முளைக்கும் முன் நீருக்குள் நீந்தும் குஞ்சுப் பருவம். அதை ஆங்கிலத்தில் நிம்ஃப் என்கிறார்கள். மீன் எதைத் தின்கிறதோ அதையல்லவா கட்ட வேண்டும் என்றார். யோசித்துச் சொன்னதல்ல, பார்த்துச் சொன்னது. பிடித்த மீனின் வயிற்றில் உள்ளதை எலும்பு மஜ்ஜை எடுக்கும் நீளக் கரண்டியால் எடுத்து, வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பிரித்துப் பார்ப்பார். (எங்கள் வார்டில் சாம்பிள் எடுப்பது மாதிரிதான்.) இந்தச் சண்டை எவ்வளவு பெரிதாயிற்று என்றால், 1938-இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் நிம்ஃப் போடுவது நியாயமா என்று ஒரு விவாதக் கூட்டமே நடந்தது. ஸ்கியூஸுக்கு அப்போது ஏறக்குறைய எண்பது வயது. சபைச் சண்டைகள் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

நான் மனதளவில் ஹால்ஃபோர்ட் கட்சி. செய்தால் அசல் மாதிரி செய்ய வேண்டும். நர்ஸ் புத்தி அது. பெரியவர் சொல்லிக்கொடுத்த எளிய பூச்சிகள் எனக்கு இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டன. இன்று 'ரியலிஸ்டிக்' என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. யார்க்‌ஷயர்க்காரர் ஆலிவர் எட்வர்ட்ஸ் 1994-இல் போட்ட புத்தகத்தைப் பெரியவர் அலமாரியில் பார்த்தபோது எனக்குக் கண் விரிந்தது. கல்லோடு ஒட்டித் தட்டையாக வாழும் நிம்ஃபின் கால், மூட்டு, செவுள் எல்லாம் முள்ளின் மேல் இருந்தது.

நானும் இறங்கினேன். முதல் மாலை உடம்பு. முள்ளின் இரண்டு பக்கமும் ஈயக் கம்பி வைத்துத் தட்டையாக்கி, மேலே லேட்டக்ஸ் பட்டை. ரப்பர் கையுறையை மெல்லிய பட்டையாக வெட்டிப் புழுவின் உடம்புக்குச் சுற்றுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வார்டில் இப்போதெல்லாம் நீல நைட்ரைல் கையுறைதான், அது இதற்கு உதவாது, அதனால் லேட்டக்ஸைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். இரண்டாம் மாலை முழுக்கக் கால்கள். ஃபெசன்ட் கோழியின் வால் இறகிலிருந்து ஒவ்வோர் இழையாகப் பிரித்து, மூட்டு வருகிற இடத்தில் ஒரு முடிச்சு. தையல் போட உதவி செய்து பழகிய கைதான், ஆனாலும் ஆறில் நான்கு இழை அறுந்தது. மூன்றாம் மாலை கண்கள். நைலான் இழையின் நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் உருண்டு கறுத்து அச்சு அசல் பூச்சிக் கண் ஆகிவிடும். நான்காம் மாலை முதுகு ஓடும் வாலும். முடித்து வெள்ளைத் தாளில் வைத்தேன். என் கணவர் டீ கொண்டு வந்தவர், அதைப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார். இதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்!

கண்ணுக்கு அழகாகக் கட்டும் ஆசை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இந்தத் தொழிலிலேயே ஒரு கதை உண்டு. விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்கென்று கட்டிய பூச்சிகள் எந்தப் பூச்சியையும் போல இருக்காது. நகைப் பெட்டி போல இருக்கும். உலகெங்கும் இருந்து வந்த இறகு அதில் சேரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு அதில் முக்கியம். இறகின் நுனியில் மஞ்சள் மெழுகு சொட்டினது போல ஒரு பளபளப்பு இருக்குமே, அதுதான். நீலகிரிக் காட்டில் கூவிய சேவலின் இறகு லண்டன் கடைகளில் விற்றது. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது, இப்போது இங்கே வளர்ப்புப் பறவைகளிலிருந்து கிடைக்கிறது. அந்தப் பழைய செய்முறைகளை அப்படியே கட்ட ஆசைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2009 ஜூனில், லண்டன் ராயல் அகாடமியில் இசை படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர், நல்ல பூச்சி கட்டுகிறவர் என்று பெயர் எடுத்தவர், டிரிங்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போய் 299 பறவைத் தோல்களை ஒரு சூட்கேஸில் திருடிவிட்டார். ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் கடல் தாண்டிச் சேகரித்து வந்தவையும் அவற்றில் உண்டு. பல தோல்களில் ஊர், தேதி எழுதிய சீட்டு அறுக்கப்பட்டிருந்தது. சீட்டு இல்லாத தோல் ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய உதவாது. 2011-இல் தீர்ப்பு வந்தது, ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. உங்கள் வயதுப் பையன். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. அந்த இறகுகளில் கட்டும் பூச்சிகளில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்ப்பதில்லை. மனிதர் பார்க்க, மனிதர் மெச்சக் கட்டுபவை.

என் பூச்சிக்கும் அதே கதைதான் என்று ஆற்றங்கரையில் தெரிந்தது.

அனுமதி உள்ள பகுதியில், ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை, நானும் பெரியவரும் இறங்கினோம். நான் வீசினேன். காற்றில் என் பூச்சி காற்றாடி போலச் சுழன்று நூலை முறுக்கியது. முடிச்சுப் போட்ட ஆறு காலும் விறைத்து நிற்க, தண்ணீரில் மல்லாந்து விழுந்தது, மல்லாந்தே மிதந்து வந்தது. இரண்டு மணி நேரம். ஒரு மீன் கீழிருந்து எழுந்து வந்து பார்த்தது, திரும்பிப் போயிற்று. அடுத்த வீச்சில் மரத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், நூல் அறுந்தது.

பெரியவர் தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழுப்பாக, சுருட்டுத் துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். "கால் எங்கே?" என்றேன். "பார்த்தால் தெரியும்" என்றார்.

அது ஃபிராங்க் சாயர் கட்டிய நிம்ஃப். சாயர் வில்ட்‌ஷயரில் ஏவன் ஆற்றுக் காவலர். பெரிய படிப்பு இல்லை, ஆனால் தினமும் ஆற்றில் நின்றவர். அவர் கவனித்தது இது. ஆலிவ் என்கிற வகை நிம்ஃப் கல்லில் உட்கார்ந்திருக்கும்போது கால்களை விரித்திருக்கும். நீந்தும்போது உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். மீன் தின்பது நீந்துகிறதை. அப்படியானால் கால் எதற்கு? வைக்கவில்லை. நூல்கூட இல்லை. தலைமயிர் பருமனுள்ள செம்புக் கம்பி, ஃபெசன்ட் வால் இறகில் நான்கு இழை, இவ்வளவுதான் பொருள். கம்பியை முள்ளில் சுற்றி முன்பக்கம் நெஞ்சுக்கு ஒரு மேடு வைப்பார். இழைகளின் நுனியை வாலாக விட்டு, மிச்சத்தைக் கம்பியோடு முறுக்கி முன்னோக்கிச் சுற்றுவார். பிறகு இழைகளை மேட்டின் மேல் முன்னும் பின்னும் மடித்துக் கம்பியால் கட்டி முடிப்பார். கம்பியின் கனத்தில் சட்டென்று மூழ்கும். அது போகும்போது தூண்டில் நுனியை மெல்லத் தூக்கினால், பூச்சி நீந்தி மேலே எழுவது போல எழும். 1958-இல் தன் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதினார். அவர் அண்டை வீட்டுக்காரர் ஆலிவர் கைட் இன்னும் ஒரு படி போய், வெறும் முள்ளில் செம்புக் கம்பி மட்டும் சுற்றி, இறகே இல்லாமல் மீன் பிடித்துக் காட்டினார்.

ஐந்தாவது வீச்சில் நூல் நின்றது. தூக்கினேன். என் கையளவு டிரவுட், பழுப்பு முதுகில் சிவப்புப் புள்ளி. சூப்பர்மார்க்கெட் வண்டிகள் மோதும் சத்தம் கேட்கிற இடத்தில்!

அன்றிரவு மீனின் பார்வையைப் பற்றிப் படித்தேன். டூட்டிங் நீச்சல்குளத்தில் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு மேல் ஒரு வட்டத்தில் மட்டும் வெளியுலகம் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போலக் குளத்தின் அடியையே திருப்பிக் காட்டும். ஒளி நீருக்குள் வளைவதால் வருவது. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த ஜன்னலின் அகலம் ஏறக்குறைய இரண்டேகால் அடி. மிதந்து வரும் பூச்சி ஜன்னலுக்குள் வரும் வரை மீனுக்கு அதன் நிறம் தெரியாது, சிறகு தெரியாது. கண்ணாடியில் ஆறு கால் அழுத்தும் ஆறு குழிகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். ஜன்னலுக்குள் வந்தபின் வெளிச்சத்துக்கு எதிரே நிழலுருவாகத் தெரியும். விமான வடிவமைப்பாளர் ஜே. டபிள்யூ. டன் என்பவர் 1924-இலேயே இதைப் பிடித்துக்கொண்டு, உண்மைப் பூச்சியின் உடம்பில் வெயில் ஊடுருவுவது போல இருக்க வேண்டும் என்று முள்ளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் எண்ணெய் தோய்த்த செயற்கைப் பட்டைச் சுற்றினார். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெயிலில் மிதக்கும்போது உள்ளிருந்து ஒளிரும்.

நான் வெள்ளைத் தாளில் வைத்து மேலிருந்து பார்த்து மகிழ்ந்த பூச்சியை மீன் ஒருபோதும் அங்கிருந்து பார்க்கப்போவதில்லை. இவ்வளவு எளிய விஷயம் நான்கு மாலையும் எனக்குத் தோன்றவில்லை. அதற்காக ஆலிவர் எட்வர்ட்ஸ் போன்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வடிவங்கள் மீன் பிடிக்கும், ஏனென்றால் அவர் மணிக்கணக்கில் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டியவர். நான் அவர் புத்தகத்தின் படத்தைப் பார்த்துக் கட்டினேன். வித்தியாசம் அதுதான்.

ஆகவே கல்லைப் புரட்ட ஆரம்பித்தேன். அங்கேதான் வேறொன்று தெரிந்தது.

இந்த வாண்டில் 1960-களில் சாக்கடையாகவே கணக்கில் இருந்தது. தோல், சாயத் தொழில்கள் எந்த நிறத்தில் ஊற்றினவோ அந்த நிறத்தில் ஓடியது. பிறகு சட்டமும், சுத்திகரிப்பும், வண்டி வண்டியாகக் குப்பை அள்ளிய தொண்டர்களும் அதை மீட்டார்கள். வாண்டில் டிரஸ்ட் என்ற அமைப்பு, பக்கத்துப் பள்ளி வகுப்பறைகளில் தொட்டி வைத்து டிரவுட் முட்டையைப் பொரிக்கவிட்டு, பிள்ளைகள் கையாலேயே குஞ்சுகளை ஆற்றில் விடச் செய்தது. 2007 செப்டம்பரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கலந்த நீர் வந்து ஆயிரக்கணக்கில் மீன் செத்தது. திரும்பவும் தொடங்கினார்கள். நான் பிடித்துவிட்ட அந்தக் கையளவு மீனுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மீன் இருக்க வேண்டுமானால் பூச்சி இருக்க வேண்டும். ஆலிவ் போன்ற பூச்சிகள் மாசைத் தாங்காது, ஆறு கெட்டால் முதலில் காணாமல் போவது அவையே. எங்களுக்கு நோயாளியின் மூச்சு எண்ணிக்கை எப்படியோ அப்படி. மற்ற எல்லாம் சரியாக இருக்கும்போதே அது மாறி எச்சரிக்கும். ரிவர்ஃப்ளை பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு 2004-இல் தொடங்கியது. தொண்டர்கள் மாதாமாதம் ஆற்றில் இறங்கி, வலையை வைத்து மூன்று நிமிடம் காலால் அடிமண்ணைக் கிளறி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, எட்டு வகை உயிர்களை எண்ணி மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும். தூண்டில்காரர்கள்தான் இதில் நிறைய. பூச்சியை அடையாளம் தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

ஒரு செய்தி நம் வீடுகளுக்கும் உரியது. நாய், பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வராமல் பிடரியில் சொட்டுவிடும் மருந்து இருக்கிறது அல்லவா, அதில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிகள் உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்து ஆறுகளின் நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டதில், ஏறக்குறைய எல்லா மாதிரியிலும் ஃபிப்ரோனில் இருந்தது. நாயைக் குளிப்பாட்டினாலும் போகிறது, நாயைத் தடவிய கையைக் கழுவினாலும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் அதை முழுதாகத் தடுப்பதில்லை. கை கழுவச் சொல்லியே வயிறு வளர்க்கும் எனக்கு இது சங்கடமான செய்தி. தெள்ளு இல்லாதபோதும் மாதாமாதம் பழக்கத்தில் விடுகிறவர்கள், தேவைதானா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மருந்து விட்ட நாயை ஆற்றில் இறங்க விடாதீர்கள்.

"அக்கா, பிடித்துவிட்டு விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும், மீனுக்கு வலிக்காதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கே முழு நிம்மதி இல்லை, அதனால் இப்போது பிடிப்பதைவிடக் கட்டுவதும் கல் புரட்டுவதும்தான் அதிகம். பிடித்தால் சில விதிகள். எதிர்முள் இல்லாத முள், அல்லது எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். அப்போது கழற்றுவது ஒரு நொடி வேலை. எங்கள் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் மாதிரியேதான் அதற்கும் கருவி. தொடும் முன் கையை ஆற்று நீரில் நனைக்க வேண்டும். மீனின் மேல் உள்ள வழவழப்பு அழுக்கல்ல, அதுதான் அதற்குக் கிருமியைத் தடுக்கும் தோல். உலர்ந்த கை அதைத் துடைத்தெடுத்துவிடும். ஃபோட்டோவுக்காக வெளியே தூக்கி வைத்திருக்காதீர்கள். நீங்கள் மூச்சை அடக்கி நிற்க முடிகிற நேரம்கூட அதற்கு வேண்டாம்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பதின்மூன்று வயது நிரம்பியவர்களுக்கு ராட் லைசன்ஸ் வேண்டும். 13 முதல் 16 வயது வரை அது இலவசம், ஆனால் பதிவு செய்து எடுத்தே ஆக வேண்டும். அதோடு அந்த ஆற்றுப் பகுதிக்கு உரியவர்களின் அனுமதி, மீன் பிடிக்கக்கூடாத மாதங்கள் எவை என்ற விவரம். பூச்சி கட்டுவதற்கு எந்த லைசன்ஸும் வேண்டாம். ஒரு வைஸ், கத்தரிக்கோல், செம்புக் கம்பி, ஃபெசன்ட் வால் இறகு ஒன்று. அந்த ஓர் இறகில் நாற்பது பூச்சி கட்டலாம்.

கட்டுவது கைக்கும் மனதுக்கும் நல்லது என்று நான் சொன்னால் ஹாபிக்காரி பேச்சு என்பீர்கள். அமெரிக்காவில் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்கு 2005-இல் இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள், பிறகு அது நாடு முழுவதும் பரவிவிட்டது. என்னைப் பொறுத்தவரை நைட் டூட்டி முடிந்து ஒரு பூச்சி கட்டிவிட்டுப் படுத்தால் மானிட்டர் சத்தம் கேட்பதில்லை. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று எழுதித் தர மாட்டேன். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், வைஸை அல்ல. நானும் பார்த்தேன்.

பெரியவருக்கு இப்போது பதினெட்டாம் நம்பர் முள்ளைக் கட்ட முடியவில்லை. (நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும்.) பன்னிரண்டாம் நம்பருக்கு இறங்கியிருக்கிறார். சிறியதை நான் கட்டிக் கொடுக்கிறேன், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குறை கண்டுபிடிக்கிறார். "நெஞ்சு பெருத்துவிட்டது. வால் நீளம். கம்பியை வீணாக்குகிறாய்." போன வாரம் ஒன்றைப் பார்த்து எதுவும் சொல்லாமல் டப்பாவில் வைத்துக்கொண்டார்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாலிபர் கூடுகைக்குப் பதிலாக ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று போதகர் ஐயா அனுமதி தந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸ், வீட்டில் இருக்கும் பழைய வெள்ளைத் தட்டு, ஒரு பெயின்ட் பிரஷ் கொண்டுவாருங்கள். பிரஷ் பூச்சியை நசுக்காமல் நகர்த்துவதற்கு. கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் நீர் புகாத பிளாஸ்டர் போட்டு வர வேண்டும், திரும்பியதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த ஆற்று நீரால் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் ஆறு கால் பூச்சி தொங்கும் கிளையையும் காட்டுகிறேன். உயரமான தம்பிகள் யாராவது வந்தால் எடுத்துத் தரலாம், அதில் மூன்று பவுண்டு முள் இருக்கிறது.